தாலித் தட்டு கடைசி வரிசைக்கும் வந்தது

அண்ணன் மகள் கல்யாணத்துக்காகப் போன தை மாதம் ரங்கூன் போய் வந்தேன். விமானம், விசா, சாமான் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது தாலித் தட்டைப் பற்றி. மண்டபத்தில் 1,100 பேர். அத்தனை பேருக்கும் தட்டு போகுமா, போகாதா என்று முதல் நாள் மாலையிலிருந்து முகூர்த்தம் வரை நடந்த இழுபறி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

1,100 பேர் எதற்கு என்று சிங்கப்பூரில் என் வீட்டுக்காரரே கேட்டார். அண்ணனால் யாரை விட முடியும்? ரங்கூன் தாம்வே பகுதியில் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்து கடை வைத்திருப்பவர். காளி கோவில் ஆட்கள், பீலிக்கான் முனீஸ்வரரைப் பார்க்க ஒரே வண்டியில் போகிறவர்கள், பெகு பக்கத்துச் சொந்தம், மோல்மீனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார், அப்புறம் கடைக்கு அரிசி போடுகிற பர்மாக்காரர்கள். இத்தனை பேருக்கும் அண்ணனும் அண்ணியும் இரண்டு மாதம் அலைந்து, வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைத்தார்கள். முதல் பத்திரிகையை அனோரத்தா சாலையில் காளியம்மன் காலடியில் வைத்தார்கள். 1871ல் நம்மாட்கள் எழுப்பிய கோவில் அது. அந்தச் சாலையை அப்பா கடைசிவரை பிரேசர் தெரு என்றுதான் சொன்னார். சிங்கப்பூரில் எனக்கு வருகிற அழைப்பெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. வருவீர்களா, மாட்டீர்களா, எத்தனை பேர் என்று கேட்டு ஒரு பொத்தான். அது வசதிதான், ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "கண்டிப்பா வரணும்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போன வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகாமல் இருப்பதில்லை.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் மாலை பார்க்கப் போனோம். மணவறைக்கு நேர் எதிரே மூன்றடி உயரத்தில் பலகை போட்டு மூன்று கேமராவுக்கு இடம் செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் கேமரா ஓடுவதற்குத் தண்டவாளம் மாதிரி ஒன்று. தரை முழுக்க வயர். இதையெல்லாம் தாண்டிப் பதினைந்தடி தள்ளித்தான் முதல் வரிசை நாற்காலியே தொடங்கியது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பெரிய திரை. ஏற்பாட்டைக் கவனித்த தம்பி தமிழ்ப் பையன்தான், மரியாதையான பையன். "கடைசியில உட்கார்ந்தவங்களுக்கும் தெளிவாத் தெரியும் அக்கா, கவலைப்படாதீங்க" என்றான்.

அம்மாவுக்கு எங்கே இடம் என்று கேட்டேன். அம்மாவுக்கு 84 வயது, சக்கர நாற்காலி. வயர் மேல் சக்கரம் ஏறாது, அதனால் கதவோரம், கடைசி வரிசைக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக ஒதுக்கியிருக்கிறோம் என்றான். கல்யாணப் பெண்ணுடைய சொந்தப் பாட்டிக்கு, அதுவும் அந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே பெரிய மனுஷிக்கு, வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி! எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் மெதுவாக, "விடும்மா, அவங்களுக்கு இதுதானே தொழில்" என்றார். வயரை நகர்த்தக் கேட்டேன். இனி மாற்ற முடியாது என்றான். அதற்கு மேல் கேட்டதுதான் தாலித் தட்டு.

"ஆயிரம் பேருக்கும் தட்டு எடுத்துட்டுப் போனா முகூர்த்தம் போயிடும் அக்கா. முன்னாடி இரண்டு வரிசைக்குக் காட்டிட்டு, மற்றவங்களுக்குத் திரையில பெரிசாப் போட்டுடறோம். உட்கார்ந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுக்கட்டும்."

அவன் சொன்னதில் கணக்கு இருந்தது, மறுக்க மாட்டேன். ஆளுக்கு 2 விநாடி என்றாலும் 1,100 பேருக்கு 37 நிமிடம். முகூர்த்தம் 9.00லிருந்து 10.30 வரை. ராத்திரி நேரத்தில் வெளியே போக ஊரில் இப்போது யாரும் விரும்புவதில்லை, அதனால் வரவேற்பு, சாப்பாடு எல்லாவற்றையும் காலையிலேயே முடிக்க வேண்டும். மதியம் அதே மண்டபத்தில் இன்னொரு விசேஷம். ஆனால் திரையில் தாலியைக் காட்டினால் அதை யார் தொடுவது?

1986ல் அக்கா கல்யாணம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. பக்கத்து வீட்டு பெஞ்சு, எதிர்வீட்டுப் பாய், மொத்தம் 150 பேர். தட்டு எல்லோரிடமும் போய்விட்டு, கடைசியில் பின்கட்டில் அடுப்படிக்கும் வந்தது. சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுக் கும்பிட்டார். அப்போது நான் சின்னப் பெண், சாம்பார் அண்டா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் சிங்கப்பூரில் தோழி மகன் கல்யாணத்துக்குப் போனேன். 30 மேசை, மேசைக்கு 10 பேர், என் பேர் அச்சடித்த அட்டை, சொன்ன நிமிடத்துக்குச் சாப்பாடு. ஒரு குறை சொல்ல முடியாது. தாலி எப்போது கட்டினார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியாது, மேளச் சத்தம் கூடியதும் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அன்று ராத்திரி வீட்டில் கரண்டு இல்லை. இப்போது ரங்கூனில் முறை வைத்துத்தான் வருகிறது. மின்கல விளக்கு வெளிச்சத்தில் மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"அத்தை, தாலித் தட்டு எங்கேயிருந்து கிளம்பும்?"

"முன் வரிசையிலயிருந்துதான். பெரியவங்ககிட்ட முதல்ல கொடுக்கணும்."

"பெரியவங்க கடைசியிலதானே உட்கார்ந்திருக்காங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். நான் கூறை மாற்றப் போகிற நேரத்தில் நீங்களே தட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து வாருங்கள், தட்டு திரும்பி வந்த பிறகுதான் நான் மணவறையில் உட்காருவேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். படிப்பு, வேலை என்று பர்மிய மொழியிலேயே புழங்குகிற பிள்ளை. தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டித்தான் வரும். கல்யாணத்தில் யார் கை எங்கே பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

காலையில் குருக்கள் கூறைப் புடவையை ஆசீர்வதித்துக் கொடுத்ததும் அவள் மாற்றப் போனாள். நான் தட்டை எடுத்துக்கொண்டேன். பித்தளைத் தாம்பாளம், அதில் பரப்பிய அட்சதை, நடுவில் மஞ்சள் பூசிய தேங்காய், தேங்காயைச் சுற்றி மஞ்சள் கயிறு, அதில் பொட்டுத்தாலி. தூக்கியதும் கை இறங்கியது. துணைக்கு அண்ணனின் கூட்டாளி ஒருவர் வந்தார், நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். 22 வருடம் வெளியே இருந்துவிட்டேன், எனக்குப் பாதி முகம் தெரியவில்லை. அவருக்கு 1,100 முகமும் தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். இது நம்ம மாவு மில்காரர் மகன், இந்த அம்மா உங்க அப்பாவுக்கு ஊசி போட்ட நர்ஸம்மா, இவங்க பெகுவிலேருந்து விடியக்காலம் கிளம்பி வந்திருக்காங்க. பேர் தெரிந்ததும் தட்டை நீட்டுகிற விதமே மாறிவிட்டது. நான் நின்று, "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா" என்றேன். அவர்கள் தாலியைத் தொட்டுவிட்டு என் கையையும் தொட்டார்கள்.

முதலில் அம்மா. மடியில் தட்டை வைத்தேன். அம்மா கும்பிடவில்லை. பொட்டுத்தாலியை இரண்டு விரலால் எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல் நடுங்கியது, தாலி தேங்காயில் பட்டு டக்டக்கென்று சத்தம். எனக்கு உடனே பெரியம்மா ஞாபகம். 1964ல், மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்த அந்த வருடத்தில், பெரியம்மா மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் நகையெல்லாம் போக, கழுத்துத் தாலியையும் கழற்றச் சொன்னார்களாம். கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்துகொண்டு கப்பல் படி ஏறினார் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை. எங்கள் வீட்டில் தாலியைத் தொடுவது சடங்குக்காக மட்டும் இல்லை. திரைக்காரத் தம்பிக்கு இது எப்படித் தெரியும்?

அம்மாவுக்குப் பக்கத்து வரிசை முழுக்க அண்ணன் தெருவின் பர்மாக்காரர்கள். கன்னத்தில் தனாகா என்கிற மரப்பட்டைச் சாந்து, தலையில் பூ. தட்டு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சித்தப்பா பர்மிய மொழியில் சொன்னார். அண்ணன் வீட்டோடு முப்பது வருடமாகச் சுவர் ஒட்டிக் குடியிருக்கிற பர்மாக்கார அம்மா, கைப்பையைத் திறந்து ஒரு சின்னத் தபியே தழையை எடுத்தார். அவர்கள் புத்தருக்கு வைக்கிற தழை, வெற்றிக்கு அடையாளம். வைக்கலாமா என்று கண்ணால் கேட்டார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினேன்.

பாதி மண்டபம் வந்தபோது மண்டபத்துப் பெண் வாக்கிடாக்கியோடு வந்து கடிகாரத்தைக் காட்டினார். இரண்டாம் தடவையும் வந்தார். சித்தப்பா அவரிடமும் தட்டை நீட்டச் சொன்னார். அவரும் தொட்டுக் கும்பிட்டார், மூன்றாம் தடவை வரவில்லை.

மொத்தம் 41 நிமிடம். முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்யாணப் பெண் கூறைப் புடவையில் வந்து நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை. மாப்பிள்ளையைத்தான் காணோம். படம் எடுக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். முகூர்த்த நேரத்தில், மணவறையிலிருந்து எழுப்பி! தட்டுக்கு நேரமில்லை என்றவர்களுக்கு இதற்கு மட்டும் நேரம் இருந்தது. பெண்ணின் சித்தி மகன் ஓடிப்போய் அழைத்து வந்தான். குருக்கள் தட்டை வாங்கி, தழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுக்கவில்லை, தேங்காயை ஒட்டியே இருக்க விட்டார். 10.22க்குத் தாலி ஏறியது. மூன்றாம் முடிச்சை நாத்தனார் போட்டாள். பொரியிட வேண்டிய தம்பி பாங்காக்கில் இருக்கிறான், 2024ல் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்ததும் போனவன். அந்தச் சித்தி மகனே பொரியிட்டான். அட்சதை பின்னாலிருந்தும் வந்து விழுந்தது, பெரும்பாலும் கேமராக்காரர்கள் தலையில்.

சாப்பாடு, பந்தி, வழியனுப்பு எல்லாம் நன்றாகவே நடந்தது.

வீடியோ போன வாரம் வந்தது. மூன்று மணி நேரம். ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். தோட்டத்தில் மாப்பிள்ளை நடந்து வருவது மெதுவாக ஓடுகிறது, இரண்டு தடவை. கூறை மாற்றிய அறைக் கதவு இருக்கிறது. அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றியது இல்லை. தழை இல்லை. அந்த 41 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால்தான் நான் எழுதி வைக்கிறேன், பாங்காக்கில் இருக்கிற பிள்ளைக்கும் அனுப்ப வேண்டும்.