கட்ட இடமில்லாத கொசுவலை

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் மாமா குத்தகைக்கு எடுத்திருக்கும் மாந்தோப்பு, தமிழக எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியிலிருந்து அதிக தூரமில்லை. இந்தப் பக்கம் பேச்செல்லாம் தமிழ்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் மலையாளத்தில் வரும். சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனால் வங்கி, தாலுகா ஆபீஸ் அலைச்சலைப் பற்றித்தான் வழக்கமாகப் புலம்புவேன். இந்த முறை தோப்பில் ஒருவருக்கு வந்த குளிர் காய்ச்சல் வேறு விஷயத்தைக் காட்டியது.

காய்ச்சல்காரர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். தகவல் தெரிந்த அன்றே, வீடு வீடாகப் போகும் அரசு சுகாதாரப் பணியாளரான ஆஷா (ASHA) அக்கா தோப்புக்கே வந்துவிட்டார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை கிட்டில் விட்டார். இன்னொரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டார். கால் மணி நேரத்தில் கோடு விழுந்தது: வைவாக்ஸ் மலேரியா. காசு ஒன்றும் வாங்கவில்லை. 2025இல் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு மாதக்கணக்கில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தான் என்பதை நினைத்தால், அந்தச் சுறுசுறுப்புக்கு நாம் கொடுக்கும் விலை வெட்கக்கேடு.

குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினான்கு நாள். இரண்டாவதில்தான் சிக்கல். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆள் வேலைக்குப் போய்விடுவார். ஈரலில் பதுங்கிய கிருமி சில மாதம் கழித்து மறுபடி கிளம்பும். "அண்ணா, அறுவடை முடிந்தாலும் மாத்திரை முடியாமல் இவரை ஊருக்கு அனுப்பாதீர்கள்" என்று மாமாவிடம் கறாராகச் சொன்னார் அக்கா.

மறுநாள் வந்த சுகாதார ஆய்வாளர், மருந்து கலக்கும் சிமெண்ட் தொட்டியில் டார்ச் அடித்துக் காட்டினார். சில கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வேறு சில, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. படுத்துக் கிடப்பதுதான் அனாபிலஸ், மலேரியாவைப் பரப்பும் சாதி. பொழுது சாய்ந்தபின் விடியும்வரை கடிக்கும். மாங்காய்க் காவலுக்கு ஆட்கள் தோப்பில் படுப்பதும் அதே நேரத்தில்தான். சிங்கப்பூரில் வேலைத்தலத்தில் இப்படிப் புழு கிடைத்தால் முதலாளிக்கு அபராதம். 1982இலேயே அங்கே மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இங்கே தொட்டியைக் கவிழ்த்ததோடு விஷயம் முடிந்தது.

கொசுவலை இல்லாமல் இல்லை. மாமா கடையில் வாங்கிக் கொடுத்த வலைகள் மோட்டார் கொட்டகையில் சுருட்டிக் கிடந்தன. ஒன்று மிளகாய் நாற்றுக்குப் பந்தலாகியிருந்தது. சோம்பேறித்தனம் என்று மாமா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வலைக்கு நான்கு மூலையிலும் கயிறு கட்ட ஆணி வேண்டும். காவல்காரர் படுப்பதோ திறந்த வெளியில், தார்ப்பாய்மேல். கட்டினாலும் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். பாலக்காட்டுக் கோடையில், விசிறி இல்லாத இடத்தில், கொஞ்சநஞ்சக் காற்றையும் மறைக்கும் துணிக்குள் யார் படுப்பார்? தவிர, மாங்காய்த் திருடனைப் பார்த்து எழுந்து ஓடுவதுதான் அவர் வேலை.

இதற்கு வழி சொன்னது அந்தக் காய்ச்சல்கார இளைஞர்தான். ஒடிசா அரசு 2017இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலைகளை வீடு வீடாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அங்கே மலேரியா ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அவை நூலிலேயே பூச்சிமருந்து ஏற்றியவை. உட்காரும் கொசு செத்துவிடும். இருபது சலவை வரை, சுமார் மூன்று வருடம் தாங்கும். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. மாமரத்துக்கு மருந்தடிக்கக் கணக்கே பார்க்காத மாமா, வலைக்கு மருந்து என்றதும் "அது எதற்கு?" என்றார்.

நான்கு மூங்கில் நட்டு, முழங்கால் உயரத்தில் பரண் போட்டால், வலையும் கட்டலாம், கீழிருந்து காற்றும் வரும் என்று இளைஞர் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். பகலில் கடிக்கும் டெங்கு கொசுவுக்கு இது உதவாதே என்று மாமா ஆட்சேபித்தார். உண்மைதான், ஆனால் தோப்பில் வந்திருப்பது மலேரியா. கடைசியில் அடுத்த பருவத்துக்கு மருந்து வலை வாங்க ஒப்புக்கொண்டார். மூங்கில் செலவு குத்தகைக்காரருக்கா, தோப்பு முதலாளிக்கா என்பதில்தான் இன்னும் இழுபறி.