கழற்றிய ஜி.பி.எஸ். போர்ட் வாங்க முதல் இதை வாசியுங்கள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஒருவர் பழைய ஜி.பி.எஸ். ரிசீவர் போர்ட் விற்றுக்கொண்டிருக்கிறார். பெயர் போடவில்லை, விளம்பரத்தைப் பார்த்தால் விளங்கும். "கண்ணிவெடி அகற்றின வாகனங்களில் கழற்றியது, யூ-புளொக்ஸ், எல்லா நாட்டுச் செய்மதியும் பிடிக்கும், ஒரு அடிக்குள் சரியாகக் காட்டும்" என்பது அவருடைய கதை. யூ-புளொக்ஸ் என்பது பேர்பெற்ற ஜி.பி.எஸ். சிப் கம்பனி. வன்னியில் இந்தக் கதை நன்றாக எடுபடும். வயல் எல்லை அளக்க ஒரு சின்னக் கருவி செய்யலாம் என்று இரண்டு எடுத்தேன். ஒன்று 9,000 ரூபா.

வந்த போர்டில் பெயரும் இல்லை, மொடல் இலக்கமும் இல்லை. ஒரு தகரமூடி, ஒரு அன்டெனா சொக்கெட், பத்துப் பத்தாக இரண்டு வரிசை ஊசிகள், அவ்வளவுதான். எந்த ஊசி எதற்கு என்று கேட்டால், "நெட்டில இருக்கும் தம்பி" என்றார். எந்தப் பெயரில் தேடுவது?

சரி, மல்டிமீற்றரை எடுத்தேன். அன்டெனா சொக்கெட்டின் வெளிவட்டமும் தகரமூடியும் எப்படியும் கிரவுண்ட்தான். அவற்றோடு பீப் அடிக்கும் ஊசிகளை முதலில் ஒதுக்கினேன். மிச்சத்தில் பெரிய கப்பாசிற்றருக்குப் போவது சப்ளை. கரண்டுக்கு எல்லை வைத்து, 3.3 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றினேன். அப்புறம் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. சீரியல் வயரில் தரவு வாங்கும் முனையை மட்டும் ஒவ்வொரு ஊசியாகத் தொட்டுப் பார்த்தேன். அனுப்பும் முனையை இந்தக் கட்டத்தில் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

ஒரு ஊசியில் 9600 வேகத்தில் புரியாத எழுத்தாகக் கொட்டியது. ஹெக்ஸில் (ஒவ்வொரு பைட்டையும் 16 அடிப்படை எண்ணாக) பார்த்தால் "எஃப்எஃப் 81" திரும்பத் திரும்ப வருகிறது. போர்டில் பெயர் இல்லாவிட்டாலும் இந்த முதல் இரண்டு பைட்டும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். யூ-புளொக்ஸ் என்றால் "பி5 62", சேர்ஃப் சிப் என்றால் "ஏ0 ஏ2", பழைய மோட்டரோலா ஒன்கோர் என்றால் இரண்டு "@" குறி. "எஃப்எஃப் 81" என்பது ரொக்வெல் ஜூப்பிட்டர் வகை, 1990களில் வந்த 12 சனல் போர்ட், அதாவது ஒரே நேரத்தில் 12 செய்மதி பிடிக்கும்.

வெளியீட்டு வகையை மாற்றும் ஊசி ஒன்றைக் கிரவுண்டோடு சேர்த்ததும் 4800 வேகத்தில் வாசிக்கக்கூடிய வரிகள் வந்தன. எல்லாமே "ஜிபி" என்றுதான் தொடங்கின, அதாவது அமெரிக்கச் செய்மதி மட்டும். ரஷ்யச் செய்மதியும் எடுத்திருந்தால் "ஜிஎல்", "ஜிஎன்" வரிகளும் வந்திருக்கும். இடம் சரியாகத்தான் காட்டியது. திகதியோ 2006! போரில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்ட வருடம். போர்டுக்கு அது இன்னும் முடியவில்லை. செய்மதி அனுப்பும் வார இலக்கம் 10 பிட் மட்டுமே, 1024 வாரத்துக்கு ஒருக்கால் பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6ஆம் திகதி திரும்பியது. பழைய மென்பொருளுக்கு அது தெரியாததால் திகதி பத்தொன்பதரை வருடத்துக்கு மேல் பின்னால் போய்விடுகிறது.

ஒரு அடிக் கதையையும் பார்த்துவிடுவோம் என்று வட்டக்கச்சியில் வயல் வரம்பில் அன்டெனாவை அசையாமல் வைத்தேன். லப்டொப்பில் புள்ளி வரம்பை விட்டு இறங்கி, அடுத்தவர் வயலுக்குள் போய், திரும்பி வந்தது. தனி ரிசீவர் சில மீற்றர் அலைவது வழமைதான், போர்டில் பிழை சொல்ல முடியாது. அடிக்கணக்கில் துல்லியம் வேண்டுமென்றால் தரையில் இன்னொரு நிலையத்தில் இருந்து திருத்தத் தரவு வரவேண்டும்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, இது யூ-புளொக்ஸ் இல்லை. திகதியும் 2006 காட்டுது."

"அன்டெனாவை வெளியில வைச்சனீரோ தம்பி?"

அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை. காசும் வரவில்லை.

இப்படியான போர்ட் யாராவது விற்றால், மின் கொடுத்தவுடன் வரும் முதல் வரிகளை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திகதி வரி கட்டாயம் தெரியவேண்டும். நல்ல யூ-புளொக்ஸ் வழமையாக மின் கொடுத்ததும் தன் பெயரையும் பதிப்பையும் தானே எழுதிக் காட்டும். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அவருடைய விளம்பரம் இன்னும் ஓடுகிறது. என்னிடம் வந்தபோது வெறுமையாக இருந்த அதே தகரமூடியில் இப்போது பளபளவென்று யூ-புளொக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார், விலையும் 12,000 ஆகிவிட்டது.