பெட்டியின் அளவு மாறினாலும் சின்னம் இடம் மாறாதிருக்க: ஒரு பேக்கேஜிங் வடிவமைப்பு மென்பொருள் மதிப்புரை

நெளி அட்டைப் பெட்டிகளுக்கு டை-லைன், அதாவது அட்டையை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டும் விரித்த வரைபடம், வரைவது என் தொழில். இரண்டு ஆண்டுகளாக ஒரே பேக்கேஜிங் கேட் (CAD, கணினி வரைவு) மென்பொருளில்தான் நாள் முழுவதும் வேலை செய்கிறேன். அதன் குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மாறிகளை, அதாவது மதிப்பை மாற்றக்கூடிய பெயரிட்ட அளவுகளைக் கொண்டு பெட்டியை அமைப்பது, அந்தப் பெட்டியின் மேல் அதைக் கையாளும் முறையைச் சொல்லும் சின்னங்களை இருத்துவது ஆகிய இரண்டு வசதிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். முதலாவதை விற்பனைக்கு வருபவர்கள் எல்லாரும் காட்டுவார்கள். என்னைப் பொறுத்தவரை, மென்பொருளை வாங்கலாமா வேண்டாமா என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெளி அட்டைப் பெட்டி வடிவங்களுக்கான ஃபெஃப்கோ பட்டியலில் 0201 என்ற எண் கொண்ட சாதாரண ஃபிளாப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம், அட்டையின் தடிமன் ஆகிய நான்கு எண்களைக் கொடுத்தால் நான்கு பேனல்களும், மேலும் கீழுமாக எட்டு ஃபிளாப்புகளும், ஒட்டுமடிப்பும் தாமாகவே வரையப்படுகின்றன. பி ஃப்ளூட் என்ற நெளிவு வகையிலிருந்து சி ஃப்ளூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 3 மி.மீ. அட்டையிலிருந்து 4 மி.மீ. அட்டைக்கு மாற்றினால், மடிப்புக் கோடுகளும் அதற்கேற்ப நகர்கின்றன. இந்தப் பகுதியில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

சின்னங்களின் கதை வேறு. முன்பு நாங்கள் அம்புக்குறி, கண்ணாடிக் கோப்பை, குடை ஆகியவற்றைத் தாளின் பூஜ்யப் புள்ளியிலிருந்து அளந்து வைத்துவந்தோம். ஒருமுறை வாடிக்கையாளர் பெட்டியின் நீளத்தை 40 மி.மீ. கூட்டச் சொன்னார். பேனல்கள் ஒழுங்காக நகர்ந்தன, சின்னங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. இரண்டாவது பேனலின் கோப்பைச் சின்னம் மடிப்புக் கோட்டின் மேல் விழுந்து, பெட்டியை மடித்ததும் ஒரு பாதி முன்பக்கத்திலும் மறுபாதி பக்கவாட்டிலுமாகப் பிரிந்து தெரிந்தது. அச்சு பிளேட்டைச் செய்து இயந்திரத்தில் ஏற்றிய பிறகுதான் அதைக் கண்டோம். பிழை முழுக்க என்னுடையது, ஆனாலும் அத்தகைய பிழைக்கு இடமே கொடுக்காத ஒரு முறை வேண்டும் என்று அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

இந்த மென்பொருளில் ஒரு சின்னத்தை வைக்கும்போது அது எந்தப் பேனலைச் சேர்ந்தது, பேனலின் எந்த மூலையைப் பற்றிக்கொள்கிறது, அந்த மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல முடிகிறது. தள்ளி நிற்கும் தூரத்தை எண்ணாகவும் கொடுக்கலாம், மாறியாகவும் கொடுக்கலாம். கையாளும் சின்னங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 780 என்ற சர்வதேசத் தரத்தின்படி மேல்நோக்கு அம்புச் சின்னமும் உடையும் பொருளுக்கான கோப்பைச் சின்னமும் பெட்டியின் நான்கு செங்குத்துப் பக்கங்களிலும் மேல் இடது மூலைக்கு அருகே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் அம்புதான் மூலைக்கு அருகில் நிற்க வேண்டும். இந்த விதியை அப்படியே எழுதிவைக்கலாம்: அம்பு மூலையைப் பற்றுகிறது, கோப்பை அம்பின் வலது விளிம்பைப் பற்றுகிறது. அம்பை 150 மி.மீ. உயரத்திலிருந்து 100 மி.மீ. உயரத்துக்குக் குறைத்தால், கோப்பையும் தானே நெருங்கி வருகிறது. ஒரு சின்னத்தை இன்னொரு சின்னத்தோடு கட்டிவைக்கும் இந்த வசதி ஒன்றுக்காகவே நான் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

பார்கோடு இதைவிடக் கடினமான சோதனை. வெளிப் பெட்டிகளில் அச்சிடும் ஐ.டி.எஃப்-14 பார்கோடு, 1.016 மி.மீ. அடிப்படைக் கோட்டு அகலத்தில் (மிக மெல்லிய கோட்டின் அகலம்), இருபுறத்து வெற்று ஓரங்களையும் சேர்த்தால் சுமார் 143 மி.மீ. வருகிறது. பார்கோடு தரங்களை வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் வழிகாட்டுதலின்படி அது செங்குத்து விளிம்பிலிருந்து குறைந்தது 19 மி.மீ. தள்ளியும், கோடுகளின் அடிப்பகுதி பெட்டியின் அடியிலிருந்து 32 மி.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். ஆகவே பேனலின் அகலம் 181 மி.மீ.க்குக் குறைந்தால் முழு அளவுப் பார்கோடு அதில் அடங்காது. நான் எழுதிய சூத்திரம் அகலம் 181க்குக் கீழே போனால் கோட்டு அகலத்தை 0.762 ஆக்குகிறது, 146க்கும் கீழே போனால் பார்கோட்டை நீளமான பேனலுக்கு மாற்றுகிறது. நெளி அட்டையில் நேரடியாக அச்சிடும்போது மெல்லிய கோடுகளுக்கிடையே மை பரவிவிடும் என்பதால் அதற்கும் கீழே நான் குறைப்பதில்லை.

முதல் குறையை நான் கண்டது இந்தப் பார்கோட்டில்தான். சூத்திரம் எழுதுவதற்கு முன்பு 175 மி.மீ. பேனல் கொண்ட ஒரு பெட்டியில், இடம் போதவில்லை என்று மென்பொருள் பார்கோட்டை அப்படியே மறைத்துவிட்டது. எச்சரிக்கை ஏதும் வரவில்லை. பழைய மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் அது இல்லாதது தெரிந்தது. வைக்க முடியாததை வைக்காமல் விடுவது சரியே, அதைச் சொல்லாமல் விடுவதை ஏற்க முடியாது. நிபந்தனையோடு ஒரு செய்திப் பெட்டியைத் திறக்கும் வசதி உள்ளே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு வார்ப்புருவிலும் (மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் மாதிரிக் கோப்பு) அதை நானே கைப்பட எழுதிச் சேர்க்கிறேன்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. டை-லைனை அட்டையின் உட்புறமாகவும் பார்க்கலாம், வெளிப்புறமாகவும் பார்க்கலாம். ஒரு சின்னம் எந்தப் புறத்தைச் சேர்ந்தது என்பதைக் குறிக்காமல் விட்டால், பார்வையை மாற்றும்போது அது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடுகிறது. எழுத்தோ எண்ணோ என்றால் உடனே கண்ணில் படும். அம்பும் கோப்பையும் இடமும் வலமும் ஒத்த உருவங்கள் ஆதலால், திரும்பிய பிறகும் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவை நிற்கும் இடம் மேல் வலது மூலை ஆகிவிடுகிறது. அச்சுப் புறம் என்ற தெரிவு அமைப்புச் சாளரத்தின் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. அது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மாறிகளின் கணக்கு வரிசையிலும் கவனம் வேண்டும். பட்டியலில் கீழே இருக்கும் ஒரு மாறியை மேலே உள்ள சூத்திரம் பயன்படுத்தினால், மென்பொருள் பிழை என்று நிறுத்துவதில்லை. முந்தைய கணக்கில் மிஞ்சிய மதிப்பை எடுத்துக்கொள்கிறது. மறுமுறை கணக்கிட்டால் சரியான விடை வருகிறது என்பதால், பிழை இருப்பதே பல நாள் தெரியாமல் போகலாம். அளவுகளை மேலேயும், அவற்றிலிருந்து பிறப்பவற்றை அடுத்தும், சின்னங்களுக்கானவற்றைக் கடைசியிலும் வைப்பது என்று எங்கள் அறையில் வழக்கப்படுத்திக்கொண்டோம். மாறிகளுக்கு முழுப்பெயர் வைக்க மென்பொருள் இடம் கொடுக்கிறது, விளக்கக் குறிப்பு எழுதவும் தனிக் கட்டம் உண்டு. வேறொருவர் எழுதிய வார்ப்புருவைத் திருத்த நேர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஓரிரு பெட்டிகளை மட்டும் எப்போதாவது வரைபவர்களுக்கு இவ்வளவு அமைப்பு வேலை தேவையில்லை, கையால் வைப்பதே விரைவு. ஒரே வடிவத்தைப் பல அளவுகளில் நாள்தோறும் வெளியிடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பில் ஒரு 0201 பெட்டியை எடுத்து, நான்கு பக்கத்துக்கும் அம்பும் கோப்பையும், ஒரு பேனலில் ஐ.டி.எஃப்-14 பார்கோடும் வையுங்கள். அகலத்தை 300, 181, 175 என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் வெளிப்புறப் பார்வையிலேயே அச்சுத் தாள் எடுத்து, சின்னங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.