காவடிப் படத்துக்கு வாட்டர்மார்க்: லைட்ரூமா, டார்க்டேபிளா, டிஜிகேமா?

தைப்பூசக் காவடி இறங்கிய இரவே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படங்கள் வாட்ஸ்அப்பில் குழு விட்டுக் குழு போய்விடும். எடுத்தவர் யார் என்று மறுநாள் கேட்டால் பதில் இருக்காது. சாதாரணப் படமாக அனுப்பும்போது எக்சிஃப், ஐபிடிசி தகவல்களை (எடுத்தவர் பெயர், தேதி போன்று கோப்புக்குள் மறைந்திருக்கும் குறிப்புகள்) வாட்ஸ்அப் கழற்றிவிடுவதால், கோப்புக்குள் எழுதிவைத்த பெயரும் அதோடு போய்விடுகிறது. படத்தின் மேலேயே பதிந்த வாட்டர்மார்க், அதாவது பெயர்க் குறிதான் கடைசிவரை கூட வரும்.

படங்களைத் திருத்தவும் ஒழுங்குபடுத்தவும் உதவும் மென்பொருள்களான லைட்ரூம், டார்க்டேபிள், டிஜிகேம் மூன்றையும் பார்ப்பதற்கு முன், குறியில் எழுதும் வாசகத்தை முடிவு செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டு 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருடையது. ஆக, காசு வாங்கி எடுத்த கல்யாணப் படத்தில் ஸ்டூடியோ பெயருக்கு முன் காப்பிரைட் குறி போடுவது பிழை. ‘படம்: இன்னார்’ என்றால் போதும். பெரிய வெள்ளியன்று டர்பனின் கேட்டோ மேனர் பகுதி அம்பலவாணர் ஆலயத்தில் யாரும் சொல்லாமல் நீங்களாகவே போய் எடுத்த தீமிதிப் படத்துக்குக் காப்பிரைட் குறி தாராளமாகப் போடலாம். கோயில் குழுவே கூலி கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் கதை மாறும். எனவே இரண்டு வாசகம் கைவசம் வேண்டும். அவற்றைக் குழப்பாமல் மாற்றித்தரும் கருவி எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் லைட்ரூம் கிளாசிக் முந்துகிறது. விண்டோஸில் எடிட் மெனுவின் அடியில் ‘எடிட் வாட்டர்மார்க்ஸ்’ இருக்கிறது. எழுத்தாகவோ படமாகவோ குறியை அமைத்து, தனித்தனிப் பெயரில் சேமிக்கலாம். பிறகு எக்ஸ்போர்ட் பிரிசெட்டுகள், அதாவது படத்தை வெளியே எடுக்க முன்கூட்டியே சேமித்த அமைப்புகள்: நீண்ட பக்கம் 2048 பிக்சல், வாட்டர்மார்க்குடன் ஒன்று, முழு அளவு, வாட்டர்மார்க் இல்லாமல் ஒன்று. 2019 நவம்பரில் வந்த 9-ஆம் பதிப்பு முதல் இரண்டு பிரிசெட்டிலும் டிக் வைத்து ஒரே ஓட்டத்தில் இரண்டு தொகுப்பையும் எடுக்க முடிகிறது. வாட்ஸ்அப்புக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று பிரிப்பவருக்கு இது பெரிய வசதி. குறைகளும் உண்டு. ஒரு பிரிசெட்டுக்கு ஒரே குறிதான். லோகோவை ஜேபெக்காகக் கொடுத்தால் சுற்றிலும் வெள்ளைப் பெட்டி விழும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி வகைக் கோப்புதான் வேண்டும். சந்தா கட்டணமும் நிற்காது.

டார்க்டேபிள் இலவசம், லினக்ஸிலும் ஓடும். இதன் வாட்டர்மார்க் மாட்யூல் (குறி போடும் பகுதி) கோடுகளால் ஆன எஸ்விஜி கோப்பை ஏற்கிறது. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறாது. கோப்பை டார்க்டேபிள் அமைப்புக் கோப்புறையின் வாட்டர்மார்க்ஸ் அறைக்குள் போட்டு, மாட்யூலில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் பட்டியலில் வரும். அளவைக் குறுகிய பக்கத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். நெடுக்குப் படத்திலும் கிடைப் படத்திலும் குறி ஒரே பருமனில் நிற்கும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாட்யூலை நேரடியாகப் படத்தின் மேல் இயக்கினால் அது திருத்தங்களோடு சேர்ந்துவிடும். அச்சுக்கு அனுப்பும்போது அணைக்க மறந்தால் மணமகளின் பட்டுப்புடவை மேல் உங்கள் பெயர் அச்சாகும். அதனால் வாட்டர்மார்க் மட்டும் உள்ள ஸ்டைல் (சேமித்து வைத்த திருத்தத் தொகுப்பு) ஒன்றைச் சேமித்து, எக்ஸ்போர்ட் பலகையில் அந்த ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். முறையை ‘அப்பெண்ட்’ (இருப்பதோடு சேர்) என்று வையுங்கள். ‘ரீப்ளேஸ்’ (இருப்பதை மாற்று) என்று இருந்தால் நீங்கள் செய்த வெளிச்சம், நிறத் திருத்தங்கள் எதுவும் வெளிவரும் படத்தில் இருக்காது, குறி மட்டும் இருக்கும். இரண்டு வாசகத்துக்கு இரண்டு ஸ்டைல்.

டிஜிகேம் வேறு வகை. ஏற்கெனவே திருத்தி முடித்த ஜேபெக் படங்கள் நூறு, இருநூறு கையில் இருந்தால் பல படங்களை ஒரே தடவையில் மாற்றும் அதன் பேட்ச் கியூ மேனேஜர் போதும். டெக்கரேட் பிரிவில் வாட்டர்மார்க் கருவி இருக்கிறது. அளவு குறைக்கும் கருவியை முதலிலும் வாட்டர்மார்க்கைப் பின்னாலும் வரிசைப்படுத்துங்கள். மாற்றி வைத்தால் எழுத்தும் சேர்ந்து சுருங்கி மங்கும். சேமிக்கும் இடத்துக்கு வேறு ஆல்பம் கொடுங்கள், மூலப் படத்தோடு கலக்க விடாதீர்கள்.

தமிழில் பெயர் போட விரும்புகிறவர்கள் எழுத்துருவை எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்க வேண்டாம். சிக்கலான எழுத்து வரிசையைக் கையாளத் தெரியாத நிரலில் ‘கொ’ உடைந்து கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பெயரை எழுதி, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து வரைகோடாக்கி, டார்க்டேபிளுக்கு எஸ்விஜியாகவும் மற்ற இரண்டுக்கும் 2000 பிக்சல் அகல பிஎன்ஜியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தை வெள்ளையாக வைத்து, சுற்றி மெல்லிய கருங்கோடு கொடுங்கள். மஞ்சள் வேட்டியும் சாமந்தி மாலையும் வெயிலில் மின்னும் படத்தில் வெறும் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். குறியின் அகலத்தைப் படத்தின் அகலத்தில் 10 முதல் 12 விழுக்காடு, ஒளிபுகாமையை 40 விழுக்காடு அளவில் வைத்துத் தொடங்கலாம். இறுதி அளவில் எழுத்தின் கோடு 3 பிக்சலுக்குக் குறைந்தால் வாட்ஸ்அப்பின் அழுத்தம் அதை நைத்துவிடும்.

திருட்டைத் தடுக்குமா? மூலையில் உள்ள குறியை யாரும் ஒரு நிமிடத்தில் வெட்டிவிடலாம். அது கையெழுத்து, பூட்டு அல்ல. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் கவலைக்குரியது: ஒரே குறி பல படங்களில் இருந்தால், கணினி அவற்றை ஒப்பிட்டுக் குறியைத் தனியே பிரித்து நீக்கிவிடும். இடத்தையோ ஒளிபுகாமையையோ மாற்றிப் போடுவது அதைத் தடுக்கவில்லை. படத்துக்குப் படம் குறியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளித்தபோதுதான் நீக்கிய இடத்தில் தடம் மிஞ்சியது. இந்த மூன்று கருவியிலும் அந்த நெளிப்புக்கு அமைப்பு இல்லை. விற்பனைக்கு முன் காட்டும் மாதிரிப் படங்களுக்கு அது வேண்டுமென்றால் ஆணைகளால் படத்தை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளைக் கொண்டு ஆணைத்தொகுப்பு எழுதத்தான் வேண்டும். அப்போது முதலில் படத்தின் திசையைச் சரிசெய்யும் ஆணையைச் சேருங்கள். இல்லையென்றால் நெடுக்குப் படங்களில் குறி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும்.

எங்கள் தேர்வு: சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர் லைட்ரூமை விட்டு நகர வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர், அதிலும் தமிழ்ப் பெயர் போடுகிறவர், டார்க்டேபிளைக் கற்றுக்கொள்ளலாம். டிஜிகேமைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறியோடு உள்ள படத்தைச் சிலர் 8×10 அங்குலத்தில் அச்சிடக் கேட்பார்கள். 3:2 படம் அந்த அளவுக்கு வெட்டப்படும்போது நீண்ட பக்கத்தின் இரு முனையிலும் சுமார் 8 விழுக்காடு போய்விடும். ஓரத்திலிருந்து 3 விழுக்காடு தள்ளி வைத்த பெயர் அப்போது பாதியில் அறுபடும். அச்சுக்குக் குறியில்லாத கோப்பையே கொடுங்கள்.