முற்றத்துச் சாடிகளுக்கு எது பொருந்தும்: அலங்காரப் புல்லா, பூச்செடியா?

யாழ்ப்பாணத்தில் சாடியில் வைக்கும் செடியின் ஆயுளை வெயிலைவிடக் கிணற்று நீரே தீர்மானிக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்திருப்பதால் இங்கே ஊறும் நீர் கடினத்தன்மை கொண்டது. கரையோரங்களிலும் தீவகத்திலும் அதில் உவரும் சேர்ந்துகொள்கிறது. மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியிலேயே பெய்து முடிந்துவிடுவதால், மற்ற மாதங்களில் அந்த நீரைத்தான் செடிக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றிய நீர் ஆவியாக, உப்பும் சுண்ணாம்பும் சாடி மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. பழைய சாடிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். எனவே, அழகை மட்டும் பார்த்துக் கன்று வாங்குவதைவிட, இந்த நீரைத் தாங்குமா என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

புற்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். பவுண்டன் கிராஸ் என்று விற்கப்படும் புல்லில் இலை கருஞ்சிவப்பாக இருக்கும் வகையே சாடிக்கு ஏற்றது. வளைந்து தொங்கும் மென்மையான கதிர்களைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். நல்ல வெயிலில்தான் இதன் நிறம் திரளும். நிழலில் பச்சை ஏறிவிடும். பச்சை இலை வகையை வாங்காதிருப்பதே நல்லது. அதன் விதை காற்றில் பரவிப் பல நாடுகளில் களையாகிவிட்டது. சிவப்பு வகையோ பெரும்பாலும் முளைக்கும் விதையை உண்டாக்குவதில்லை.

வெட்டிவேருக்கு இந்த நிறக் கவர்ச்சி இல்லை. ஆனால் உவரையும் சுண்ணாம்பையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்குவதில் சாடிப் புற்களுள் அதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன். கன்றுப் பருவத்தில் எலுமிச்சம்புல்லும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும். இலையைக் கசக்கிப் பார்த்தால் எலுமிச்சை மணம் வராதது வெட்டிவேர். வேர் நேராகக் கீழிறங்கும் இயல்புடையதால் ஆழமான சாடி வேண்டும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் மொட்டைமாடியில் பூச்செடிகளின் கொப்புகள் முறிந்துபோக, இவ்விரு புற்களும் காற்றோடு வளைந்து நிமிர்ந்துகொள்கின்றன.

பூச்செடிகளுள் நம்மவர் முதலில் கேட்பது எக்ஸோரா. அதுவே நம் நீருக்கு மிகவும் ஒவ்வாதது. அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் அச்செடியால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலிருந்து இரும்புச் சத்தை உறிஞ்ச முடிவதில்லை. நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருக்க, கொழுந்திலைகளில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாவது இதன் முதல் அறிகுறி. முதிர்ந்த இலை அப்போதும் பச்சையாக இருப்பதால், பசளை போதவில்லை என்று எண்ணி மாட்டெருவை அள்ளிப் போடுகிறோம்; மஞ்சள் மாறுவதில்லை. சீமெந்துச் சாடியில் சிக்கல் இன்னும் கூடும், ஏனெனில் சீமெந்திலிருந்தும் சுண்ணாம்பு கசியும். மண்சாடியில் நட்டு, மாரி மழைநீரைச் சேமித்து ஊற்ற வசதியுள்ளவர்கள் மட்டும் எக்ஸோராவை நாடலாம்.

போகன்விலா இதற்கு நேர்மாறானது. சுண்ணாம்பு மண்ணையும் ஓரளவு உவரையும் பொறுத்துக்கொள்ளும்; வேர் சாடியை நிறைத்து இறுகிய நிலையிலும், நீரைச் சற்றுக் குறைத்து ஊற்றும்போதும் கூடுதலாகப் பூக்கும். பூ என்று நாம் பார்ப்பது நிறமேறிய பூவடிச் செதில்கள். உண்மையான பூ அவற்றின் நடுவே சிறு வெள்ளைக் குழலாக இருக்கும். முள் இருப்பதால் படலையோரத்திலும் பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்திலும் வைக்கலாகாது.

குரோட்டன் இலை நிறத்துக்காக வைக்கப்படுவது. மண் காய்ந்தால் இலையைக் கொட்டிவிடும் என்பதால் அன்றாடம் நீரூற்றக்கூடியவர்களுக்கே அது உகந்தது. அலரி உப்பைத் தாங்கும். ஆயினும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், ஆடு மாடு வளர்க்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தீவகத்திலோ கரையோரத்திலோ குடியிருப்பவருக்கு என் தெரிவு வெட்டிவேரும் போகன்விலாவும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கோண்டாவில் போன்ற செம்மண் பகுதிகளில் உவரில்லாத கிணறு வாய்த்தவர்கள் பவுண்டன் கிராஸையும் குரோட்டனையும் அருகருகே வைக்கலாம். ஒரே சாடியில் நடவேண்டாம், ஏனெனில் புல்லுக்குப் போதுமான நீர் குரோட்டனுக்குப் போதாது. எந்தச் செடியானாலும், மாரியில் சாடிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுக்காமல் வெளியே விட்டு, அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் மண்ணில் சேர்ந்த உப்பை அந்த மழையே கழுவிவிடும்.