வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் என்று வந்து 4,650 ரூபாய் வாங்கிப் போன கதை

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதோடு லாரித் தண்ணீரையும் ஒரே சம்பில் விட்டு மேலே ஏற்றுவார்கள். ஆர்ஓ மெஷின் இல்லாமல் எங்களுக்குப் பொழுது ஓடாது. போன மாதம் அது ஒரு குடம் நிரப்ப அரை நாள் எடுத்துக்கொண்டது.

கம்பெனி பெயரைப் போட்டு, கூடவே ‘சர்வீஸ் சென்னை’ என்று போனில் தேடி, முதலில் வந்த நம்பரை அழுத்தினேன். கோட்டை விட்டது அங்கேதான். உண்மையான நம்பர் மெஷினின் பக்கவாட்டில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. மிக்ஸி மறைத்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். கம்பெனி லோகோ போட்ட டீ-ஷர்ட், தோளில் பை, வாய் நிறைய ‘மேடம்’. ஐடி கார்டு கேட்கத் தோன்றவில்லை. மெஷினைத் திறக்கக்கூட இல்லை. “முதல்ல தண்ணியைப் பாத்துடலாம் மேடம்” என்று இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் ஃபில்டர் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்தது. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது, அதன் அடியில் நாலு கம்பிகள். இரண்டிரண்டாக டம்ளர்களில் இறக்கி, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் தண்ணீரில் முதலில் மஞ்சளாக ஒரு நூல் இறங்கியது. பிறகு பழுப்பு, அப்புறம் கருப்பும் பச்சையுமாகத் திரிதிரியாய் மேலே மிதந்தது, சாக்கடை மாதிரி. அவர் டம்ளர் அப்படியே பளிங்கு. ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, “இதையா புள்ளைக்குக் குடுக்குறோம்?” என்றார். அதற்குமேல் பேரம் பேச யாருக்கு வாய் வரும்?

“மெம்ப்ரேன் போயிடுச்சு மேடம். இதைக் குடிச்சா கிட்னில கல்லுதான்.” மெம்ப்ரேன் என்றால் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வு. அது, ஃபில்டர் செட், லேபர் எல்லாம் சேர்த்து 4,650. சரி என்றேன். புது மெம்ப்ரேன் பாக்கெட்டை என் கண் முன்னாலேயே கத்தரித்தார். உடனே, “மேடம், மாடில டேங்க் வால்வை மூடிட்டு வந்துடுங்க, தண்ணி பீச்சியடிக்கும்” என்றார். சமையலறைக் குழாய்க்குக் கீழேயே ஒரு வால்வு இருக்கிறது. அது நினைவுக்கு வராமல் மூச்சு வாங்க மாடி ஏறினேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. பழைய மெம்ப்ரேன் என்று ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும் டிடிஎஸ் மீட்டரில் 18 காட்டினார். ஜிபே போட்டேன். கையால் எழுதிய பில் ஒன்று தந்தார்.

இரண்டே வாரத்தில் பழையபடி சொட்டுச் சொட்டு. அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இந்த முறை மிக்ஸியை நகர்த்திவிட்டு ஸ்டிக்கர் நம்பருக்குப் போட்டேன். வந்த பையன் மெம்ப்ரேனை உருவி என் கையில் கொடுத்தான். அதன்மேல் போன வருடம் அவர்கள் ஆள் மார்க்கரால் எழுதிய தேதி அப்படியே இருந்தது. மாற்றவே இல்லை. கத்தரித்துக் காட்டிய புதுசுதான் ‘பழசு’ என்று பைக்குள் போயிருக்கிறது. அடைத்திருந்தது முன்னால் இருக்கும், மண்ணையும் தூசியையும் பிடிக்கும் செடிமெண்ட் ஃபில்டர் மட்டும். விசிட் சார்ஜோடு 800 ரூபாய்க்குள் முடிந்தது.

அப்படியென்றால் 18 எப்படி வந்தது? மெஷினுக்குள் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதாம். தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று, வடிகட்டிய தண்ணீரோடு வடிகட்டாததையும் கொஞ்சம் கலந்துவிடும். அதை முழுக்க மூடினால் எண் மளமளவென்று இறங்கிவிடும். அவர் செய்தது அந்த ஒரு திருகல்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரைகூட. எங்கள் மெஷினில் வழக்கமாக வருவது 110, 120. பயப்பட அதில் ஒன்றுமில்லை. அந்த மீட்டர் கிருமியைக் காட்டவும் காட்டாது, கரைந்திருக்கும் உப்பைத்தான் கணக்குப் போடும்.

ஆனாலும் அந்தக் கருப்புத் தண்ணீர் மனதைவிட்டுப் போகவில்லை. பையன் பள்ளி புராஜெக்ட்டுக்கு வாங்கிய 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வயர், இரண்டு இரும்பு ஆணி எடுத்துக்கொண்டேன். ஃபில்டர் தண்ணீரில் ஆணிகளை விட்டால் வெகுநேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டேன். ஒரு ஆணியில் நுரை நுரையாகக் குமிழி, இன்னொன்றிலிருந்து பழுப்பு வழிய ஆரம்பித்தது. அதே சாக்கடை! தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருந்தது. அவர் பாட்டிலில் இருந்தது அனேகமாகப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். அதில் கரண்டே சரியாகப் பாயாது.

யாராவது இந்தப் பெட்டியை உங்கள் வீட்டில் திறந்தால், அவர்களுடைய ‘சுத்தமான’ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். பழைய பாகம் எதுவானாலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது இடத்தைவிட்டு நகராதீர்கள், மாடிக்குப் போகச் சொன்னாலும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் யார்மேல் போடுவது? பில்லை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஏதோ ‘வாட்டர் சொல்யூஷன்ஸ்’ என்று இருந்தது. முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஜிபே போனதும் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு.

முதல் மாடி அக்கா வீட்டுக்கும் இப்படி ஒரு பெட்டி வந்திருக்கிறது. அவர்களிடம் சர்வீஸ்கூட இல்லை, 14,000 ரூபாய்க்குப் புது மெஷினே தள்ளிவிட்டிருக்கிறார்கள். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஆசையாக ஒரு டம்ளர் பிடித்துக் கொடுக்கிறார் அக்கா. ஆணியும் உப்பும் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.