ஆய்வேட்டை எழுத்துப்பிழை திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

முதுகலைமாணி ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலம் நெருங்கிவிட்டது. மட்டக்களப்பு நகரில் "தட்டச்சு, எழுத்துப்பிழை திருத்தம், பைண்டிங்" என்று பலகை மாட்டிய கடைகளில் இப்போது கூட்டம் கூடும். போன வருடம் நானும் அப்படி ஒரு கடைப் படியேறி, இரண்டு வருட உழைப்பைச் சிதைத்துக்கொண்டு திரும்பினேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். நடந்தது தெரிந்தால் போதும்.

செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகியின் கோபத்தைக் குளிர்விக்க வைகாசியில் நடக்கும் திருக்குளிர்த்திச் சடங்கைப் பற்றியது என் ஆய்வு. 212 பக்கம். பக்கத்துக்கு 60 ரூபாய் என்று பேசி, 12,720 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். "தங்கச்சி, நாங்கள் பார்த்துக் கொடுத்தால் ஒரு புள்ளிகூடப் பிழைக்காது" என்றார் கடைக்காரர். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் மாலைதான் வேலை முடிந்தது. மூன்று பிரதிகளையும் கட்டிக் கையில் தந்தார்.

வீட்டுக்கு வந்து விரித்தேன். முதல் பக்கத்திலேயே "மட்டக்கலப்பு".

கை தவறியது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த பக்கத்திலும் "மட்டக்கலப்பு". ஆனால் அதே பந்தியில் "மட்டக்களப்பில்" என்று சரியாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஓரிடத்தில் நான் "இனக்கலப்பு" என்பதை "இனக்களப்பு" என்று தவறாக அடித்திருந்தேன். அந்த ஒன்றைத் திருத்தப் போனவர், "களப்பு" வரும் இடமெல்லாம் "கலப்பு" என்று ஒரே அமத்தலில் மாற்றியிருக்கிறார். உருபு சேர்ந்து "களப்பில்" ஆன இடங்கள் மட்டும் தப்பிவிட்டன. எண்ணிப் பார்த்தேன், 318 இடம். வாவியும் களப்பும் சூழ்ந்த ஊரின் பெயரையே அந்த ஊர்க் கடையில் மாற்றிவிட்டார்கள்.

அது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். மனம் பொறுக்காதது, தெரியாத சொல்லையெல்லாம் தெரிந்த சொல்லாக்கியதுதான். "திருக்குளிர்த்தி" எங்கும் "திருக்குளிர்ச்சி" ஆகியிருந்தது. சடங்கின் பெயரே போய்விட்டால் ஆய்வில் மிச்சம் என்ன இருக்கிறது? குடி என்னும் தாய்வழிக் குலத்தின் சார்பில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், வண்ணம் பூசுகிறவர்போல "வண்ணக்காரர்" ஆகிவிட்டார். குளிர்த்திப் பாடல்களை மனப்பாடமாகச் சொன்ன ஒரு மூதாட்டி, முதல் நாள் என்னிடம் "மறுகா வா புள்ள" என்றார். பிறகு வா என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. அவர் வாயில் வந்தபடியே மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தேன். அச்சில் "மருகா வா பிள்ளை" என்று நின்றது. யாரோ ஒரு மருமகனைக் கூப்பிடுவதுபோல. எண்பது வயதைத் தாண்டிய அந்த மனிசி என்னை நம்பிச் சொன்ன சொல் அது. அந்த வரியைப் பார்த்துத்தான் அன்றிரவு அழுதேன்.

உசாத்துணைப் பட்டியலின் கதை வேறு. நான் கொடுத்தது யூனிகோட் கோப்பு. அவர்களுக்குப் பழக்கம் பாமினி எழுத்துரு. என் கோப்பைப் பாமினிக்கு மாற்றித் திருத்திவிட்டு, மீண்டும் யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாமினியில் ஒவ்வொரு தமிழெழுத்தும் ஓர் ஆங்கில விசையின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே திரும்ப மாற்றும்போது உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகக் கொட்டுண்டுவிடும். டேட்டா என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் "னயவய". இணைய முகவரிகளின் தலையில் "றறற". ஆங்கில நூல்களின் பெயர் ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. சுவாமி விபுலாநந்தரின் பெயரை நூல் அட்டையில் உள்ளபடி "ந" போட்டு எழுதியிருந்தேன். அதையும் "விபுலானந்தர்" ஆக்கியிருந்தார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவைதான். ஆனால் உசாத்துணையில் அட்டையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

இவ்வளவு "திருத்தத்துக்கும்" பிறகு, என் உண்மையான பிழைகள் அப்படியே இருந்தன. மூன்றாம் பக்கத்தில் "முயற்ச்சி", ஏழாம் பக்கத்தில் "ஏற்ப்பட்டது". றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது என்பது பாடசாலையில் படித்த இலக்கணம். அவசரத்தில் எனக்குத் தவறியது. காசு வாங்கியவர்களின் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். "குளிர்த்தி என்று ஒரு சொல் அகராதியில் இல்லையே தங்கச்சி" என்றார். "வைகாசியில் காரைதீவுக்குப் போய்ப் பாருங்கள் அண்ணன், ஊரே சொல்லும்" என்றேன். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் உள்ளதைச் சொல்லி ஒரு கிழமை தவணை கேட்டேன். அவர் மனமிரங்கித் தந்தார். எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது.

கடைக்குக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால் மூலப் பிரதி பிழைத்தது. வேர்ட் மென்பொருளில் இரண்டு கோப்புகளை ஒப்பிடும் வசதி இருக்கிறது. அதில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்கு இரவுகள் இருந்து ஒவ்வொரு மாற்றமாகப் பார்த்தேன். பயன்பட்ட திருத்தங்கள் இருபதுகூட இல்லை.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால், மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியைப் போட்டுத்தான் திருத்த வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். எந்தச் சொல்லை அழித்தார்கள், எதை வைத்தார்கள் என்பது நிறத்தில் தெரியும். அதற்கு இணங்காத கடையில் கொடுக்காதீர்கள். பாமினியில் வேலை செய்பவர்களிடம் யூனிகோட் கோப்பு போகவே கூடாது. எத்தனை பக்கம் பார்க்க வேண்டியிருந்தாலும் முதல் பத்துப் பக்கத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள், பணத்தையும் அந்தப் பத்துக்கு மட்டும் கொடுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் வாங்குவதாக ஒருபோதும் பேசாதீர்கள். நான் அன்று ஒரு கிழமை முந்தி வாங்கியிருந்தால் தவணை கேட்டு நின்றிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்துச் சடங்கு, கோயில், வயல், வாவி சார்ந்த சொற்களில் 280 ஐ அகர வரிசையில் தொகுத்து வைத்திருக்கிறேன். கிழக்கைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். திருத்தக் கொடுக்கும்போது கோப்போடு அதையும் வைத்து, "இந்தச் சொற்களில் கை வைக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுங்கள். "மறுகா" அதில் 231 ஆவது சொல்.